கிராஸ் ஸ்டிட்ச் சார்ட்டைப் பார்த்துத் தைப்பது எப்படி? கேள்வி பதில்

கட்டம் போட்ட சார்ட்டைப் பார்த்து, துணியில் X வடிவத் தையல்களால் படம் தைப்பதே கிராஸ் ஸ்டிட்ச். குமரி மாவட்டத்தில் இதைப் பழகத் தொடங்கியிருக்கும் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (தக்கலை): அக்கா, சார்ட் முழுவதும் முக்கோணமும் புள்ளியும் எழுத்துமாக இருக்கின்றன. இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: சார்ட்டின் ஒரு கட்டம், துணியில் ஒரு குறுக்குத் தையல். கட்டத்துக்குள் இருக்கும் குறி, அந்தத் தையலுக்குரிய நூலின் நிறத்தைச் சொல்கிறது. எந்தக் குறிக்கு எந்த நூல் எண் என்பது ஓரத்திலுள்ள அட்டவணையில் இருக்கும். எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் கவனம் தேவை: டி.எம்.சி.யில் 310 என்பதும் ஆங்கரில் 403 என்பதும் கறுப்பு நூலே. உருவங்களின் ஓரத்தில் ஓடும் அழுத்தமான கோடுகள் பின்தையலுக்கானவை, அதாவது உருவத்தைக் கோடாக எடுத்துக்காட்டும் தையலுக்கானவை. அவற்றைக் கடைசியில் தைத்தால் போதும்.

கேள்வி (குளச்சல்): 140க்கு 98 கட்டம் உள்ள சார்ட்டுக்கு எவ்வளவு துணி வாங்க வேண்டும்?

பதில்: அளவைத் துணிதான் முடிவு செய்கிறது. கிராஸ் ஸ்டிட்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில், 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 கட்டம்; ஆகவே படம் 10 அங்குலத்துக்கு 7 அங்குலமாக வரும். அதையே 18 கவுண்டில் தைத்தால் ஏறத்தாழ ஏழே முக்காலுக்கு ஐந்தரையாகச் சுருங்கிவிடும். நான்கு பக்கமும் மும்மூன்று அங்குலம் கூட்டி வாங்குங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): பாதி தைத்த பிறகு ஒரு கட்டம் தவறியது தெரிகிறது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகிறது.

பதில்: தொடங்குபவர்கள் மனம் வெறுத்து வேலையைத் தூக்கி வைத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஆனால் இது கையின் குறையன்று, எண்ணும் முறையின் குறை. பெரும்பாலான சார்ட்டுகளில் எண்ணுவதற்கு வசதியாக, பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு நெடுகவும் குறுக்கவும் இருக்கும். துணியிலும் அதே இடங்களில், வெளிர்நிற ஒற்றை நூலால் நெடுகவும் குறுக்கவும் ஓட்டுத்தையல் போட்டுவிட்டால், நூறு கட்டங்களை எண்ண வேண்டிய கண்ணுக்குப் பத்துக்குள் எண்ணினால் போதும் என்றாகிவிடும். துணியை இரண்டாக மடித்து, மீண்டும் மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். சார்ட்டின் ஓரங்களிலுள்ள அம்புக்குறிகள் சந்திக்கும் இடமும் அதுவே. அங்கிருந்து தொடங்கி, அடுத்த தையலின் இடத்தைத் துணியின் விளிம்பிலிருந்து எண்ணாமல், ஏற்கெனவே தைத்த பக்கத்துத் தையலிலிருந்து எண்ணுங்கள். சார்ட்டை நகலெடுத்து, முடித்த கட்டங்களைப் பென்சிலால் தீட்டிக்கொண்டே வருவதும் அவசியம். தவறு இலை போன்ற ஓர் உருவத்தின் உட்பகுதியில் என்றால் நிறத்தைச் சரிக்கட்டிவிடலாம். அந்த உருவத்தின் ஓரக்கோடு நகர்ந்திருந்தால், அடுத்தடுத்த எல்லாமே நகரும் என்பதால், பிரித்துவிடுவதே நல்லது.

கேள்வி (இரணியல்): கணக்குச் சரியாக இருந்தும் தையலின் பளபளப்பு ஒரே சீராக இல்லையே?

பதில்: X வடிவத்தின் இரண்டு சாய்கோடுகளில் மேலே விழுவது, எல்லாத் தையலிலும் ஒரே திசையில் சாய வேண்டும். 14 கவுண்ட் துணிக்கு ஆறிழை நூலிலிருந்து இரண்டிழை பிரித்து எடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் பாட்டி லேஸ் பின்னியவர். அந்தப் பழக்கம் எனக்கு உதவுமா?

பதில்: உதவும். மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்பித்த காலந்தொட்டு, லேஸ் நம் மாவட்டத்தின் பெருமைமிக்க கைத்தொழில். ஆனால் திண்டின்மேல் பின்னும் லேஸில் துளையிட்ட மாதிரித்தாள் நூலுக்கு அடியிலேயே கிடந்து வழிகாட்டும். கிராஸ் ஸ்டிட்சில் சார்ட் தனியாக இருப்பதால், கணக்கைக் கண்ணால் சுமந்து துணிக்குக் கொண்டுவர வேண்டும். பாட்டியிடமிருந்து பொறுமையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எண்ணுவதற்குப் பத்துக் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.