கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா? மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் ஐயா. சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா?

பதில்: கையில் கொஞ்சம் வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்து விற்கவும் விடக் கூடாது. போர்ச்சுகல் 2001இல் முதல் பாதியைச் செய்தது. சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவு அங்கே சிறைக்குரிய குற்றமில்லை, விற்றால் குற்றம்தான்.

கேள்வி: விற்பது குற்றம் என்றால், வாங்குகிறவர் கள்ளச் சந்தைக்குத்தானே போவார்?

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள். நெதர்லாந்து பல்லாண்டுகளாக இந்தச் சிக்கலில்தான் உழன்றது. கடையில் ஆளுக்கு 5 கிராம் வரை விற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே கடைக்காரர் சரக்கைக் கொள்முதல் செய்வது சட்டவிரோதம். முன்வாசலில் வரி கட்டும் வியாபாரம், பின்வாசலில் கடத்தல்காரர். எனக்கு உருகுவேயின் வழி பிடித்திருக்கிறது. 2013இல் சட்டம் இயற்றி, அரசின் கண்காணிப்பில் பயிரிட்டு, பதிவு செய்துகொண்ட பெரியவர்களுக்கு மருந்துக்கடையில் கொடுக்கிறார்கள். மாதத்துக்கு 40 கிராம் உச்சவரம்பு. விளம்பரம் கிடையாது. விற்பவருக்கு வாடிக்கையாளரைப் பெருக்கும் ஆசையே வராதபடி அமைத்த ஏற்பாடு அது.

கேள்வி: மதுவைவிடக் கேடு குறைவுதானே?

பதில்: அளவு மிஞ்சி உயிர் போகும் ஆபத்து மதுவில்தான் அதிகம். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, மதுவை விற்கும் லட்சணத்தைப் பார்த்த பிறகும் இதையும் அப்படியே விற்கலாம் என்பது என்ன நியாயமோ!

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. "இயற்கையான செடிதானே அம்மா" என்கிறான்.

பதில்: ஊமத்தையும் செடிதான் அம்மா. மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. பயன்படுத்துவோரில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சரக்கின் வீரியமும் பழைய வீரியம் இல்லை. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. 1995இல் சுமார் 4 சதவீதம். இன்று அது பல மடங்கு. மகனைத் திட்டாதீர்கள். யாரோடு, எப்போது, எதற்காக என்று பொறுமையாகக் கேளுங்கள்.

கேள்வி: புகைக்காமல் தின்பண்டமாகச் சாப்பிட்டால் பாதுகாப்புதானே?

பதில்: நுரையீரலுக்கு மட்டும். தின்றது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். "ஒன்றும் ஏறவில்லையே" என்று இன்னொரு துண்டை வாயில் போடுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். நெஞ்சு படபடக்க, செத்துவிடுவோம் என்ற பீதியில் அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் அனுமதி. அந்தக் கெடுபிடி தேவைதான்.

கேள்வி: புற்றுநோயைக் குணப்படுத்துமாமே?

பதில்: அதற்குச் சான்று இல்லை. கீமோதெரபி தரும் வாந்தியைத் தணிக்கும். போதை தராத சி.பி.டி. என்ற கூறிலிருந்து செய்த மருந்தை, குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது.

கேள்வி: சட்டம் மாறினால், முன்பே தண்டனை பெற்றவர்கள் கதி?

பதில்: யாரும் கேட்காத கேள்வி, நன்றி. வேலைக்கும் விசாவுக்கும் போகும்போதெல்லாம் அந்தப் பழைய வழக்கு குறுக்கே வந்து நிற்கும். கனடா 2018இல் சட்டபூர்வமாக்கியது. மறு ஆண்டு, பழையவர்கள் கட்டணமின்றி மன்னிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பித்துப் பலனடைந்தவர்கள் மிகச் சிலரே. யாரும் மனுப் போடாமலேயே பதிவுகளை அரசு நீக்கிவிட வேண்டும். எழுதும் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு வேண்டும்.