வாசகர் கேள்வி: மாவாக அரைத்தும் எண்ணெய் குறைந்தது ஏன்?

கேள்வி: வேப்பம் விதையை மாவாக அரைத்து, புனலில் இட்டு, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் கரைப்பானான ஹெக்சேனை ஊற்றினேன். இடித்த விதையில் கிடைத்ததைவிடக் குறைவாகவே எண்ணெய் கிடைத்தது. ஏன்?
– உயர்தர மாணவி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சிறிதாக்கியது தவறன்று. விதை நொறுங்கும்போது கலச்சுவர்கள் உடைகின்றன. எண்ணெய் பரவி வெளியேற வேண்டிய தூரமும் குறைகிறது. பரவலுக்கான நேரம் ஏறக்குறைய தடிப்பின் வர்க்கத்துக்கு விகிதசமமாகையால், தடிப்பைப் பாதியாக்கினால் நேரம் காற்பங்காகிறது. ஆனால் நுண்மாவோ, கட்டிபட்ட புட்டு மாவைப்போல இறுகி, கரைப்பானை உள்ளே விடாமல் ஓரிரு தடங்களில் மட்டும் வழிந்தோடச் செய்கிறது. இதனாலேயே ஆலைகளில் சோயாவை மாவாக்காது, ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள மென்தகடுகளாக உருளைகளில் நசுக்குகிறார்கள். ரவைப் பதத்தில் இடித்துப் பாருங்கள். 69 பாகை செல்சியசில் கொதிக்கும் ஹெக்சேன் இலகுவில் தீப்பற்றும். அருகில் சுவாலை கூடவே கூடாது.