டெல்லியில் ஆசிரியருக்கும் பள்ளி முதல்வருக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் என்ன கிடைக்கும்? முதல்வர் ஆனால் தனிப்படி உண்டா?

மதுரையிலிருந்து இங்கே வேலைக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். டெல்லியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டு மாதம் பொறுப்பு முதல்வராக இருந்தேன். எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து.

சரி, கணக்குக்கு வருவோம். இங்கே மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு விகிதம்தான். பட்டதாரி ஆசிரியருக்கு, அதாவது டிஜிடிக்கு, தொடக்க அடிப்படை 44,900 ரூபாய். 2025 ஜூலை விகிதப்படி பஞ்சப்படி 58 சதவீதம், 26,042. வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 13,470. போக்குவரத்துப்படி 3,600, அதற்கும் பஞ்சப்படி உண்டென்பதால் 5,688. கூட்டினால் 90,100. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது வேறு கதை. அரசுக் குடியிருப்பு கிடைத்துவிட்டால் வாடகைப்படியும் கிடையாது. குழந்தைகள் கல்விப்படி தனி. இரண்டு பிள்ளைகள் வரை, ஆளுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு.

முதல் ஜூன் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பதறாதீர்கள், போக்குவரத்துப்படி இருக்காது. ஒரு காலண்டர் மாதம் முழுக்க விடுமுறை என்றால் அந்தப் படி இல்லை என்பது விதி. எங்கள் கோடை விடுமுறை பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கி ஜூன் 30 வரை போகும். மே தப்பிக்கும், ஜூன் மாட்டிக்கொள்ளும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் என் மனைவி இந்த விதியைத் திட்டாமல் இருந்ததில்லை.

தனியார் பள்ளி என்றால், 1973-ஆம் ஆண்டின் டெல்லி பள்ளிக் கல்விச் சட்டம், பிரிவு 10-ஐப் படித்துவிட்டு வாருங்கள். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் அரசுப் பள்ளிக்குக் குறையாத சம்பளமும் படிகளும் தர வேண்டும் என்கிறது. வங்கியில் முழுச் சம்பளம் போட்டு, பாதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொண்ட பள்ளியில் என் தங்கை நான்கு வருடம் வேலை பார்த்தாள்.

இப்போது முதல்வர் விஷயம். முறையாக நியமனம் ஆனால் 12-ஆம் ஊதிய நிலை, தொடக்க அடிப்படை 78,800. போக்குவரத்துப்படியும் 7,200 ஆகும், அதன்மேல் பஞ்சப்படி. உயர்வு அவ்வளவுதான், முதல்வர் என்பதற்காகத் தனிப்படி என்று நான் எதையும் பார்த்ததில்லை. பொறுப்பு முதல்வர் பாடுதான் பாவம். காலையில் பிரார்த்தனைக் கூட்டம், நடுவில் தண்ணீர் மோட்டார், அப்புறம் பெற்றோர் சண்டை. என் பன்னிரண்டாம் வகுப்புப் பாடவேளைகளும் குறையவில்லை. கூடுதல் ஊதியம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். தலைமை எழுத்தர், மத்திய அரசு ஊழியர்களுக்கான ‘அடிப்படை விதிகள்’ தொகுப்பிலிருந்து விதி 49-ஐ எடுத்துக் காட்டினார். இன்னொரு பதவியின் அன்றாட வேலைகளை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தால், எத்தனை மாதம் பார்த்தாலும் கூடுதல் ஊதியம் இல்லையாம். என் ஆணையில் அந்த வாசகமேதான் இருந்தது.

உங்களுக்கு அப்படி ஓர் ஆணை வந்தால் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நான் சந்தோஷத்தில் படிக்கவில்லை.