மன்னார்குடி மொட்டை மாடியிலிருந்து ராக்கெட் தெரியுமா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளும் இஸ்ரோ ஏவுதல் ஒன்றையும் விடாமல் யூடியூபில் பார்ப்போம். 15,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். என்ன டெலஸ்கோப் வாங்கலாம்? ராக்கெட்டை நம் மாடியிலிருந்தே பார்க்கலாம் என்கிறாள் மகள், உண்மையா? "கொடைக்கானல் மாதிரி மலையில் இருந்தால் சரி, இந்த ஊரில் அதெல்லாம் வீண் செலவு" என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: மகள் சொல்வது சரி. வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி, ஆனால் காரணம் மலை இல்லாதது அல்ல. ராக்கெட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீஹரிகோட்டா உங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கி.மீ. பூமி வளைந்திருப்பதால், ராக்கெட் சுமார் 10 கி.மீ. உயரம் ஏறும்வரை உங்கள் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கும். அதற்குப் பிறகு தென்னந்தோப்பு மறைக்கும். ஆக, கவுண்டவுன் முடிந்து கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் வெளியே தலைகாட்டும். பலபேர் முதல் நிமிடத்திலேயே "ஒண்ணும் காணோம்" என்று மாடியைவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நேர் வடக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளிப் பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் வானத்தில் சுமார் 10 டிகிரி. முதல் கட்டம், அதாவது அடியில் இருக்கும் முதல் எஞ்சின் பகுதி, எரிந்து முடியும்வரை ராக்கெட் அந்த ஒரு முஷ்டி உயரத்துக்குள்தான் இருக்கும். பிரகாசமான ஆரஞ்சு நிற ஒளி அதுதான். அப்புறம் மங்கி, வலப்பக்கமாக வங்காள விரிகுடாவுக்கு மேலே நகர்ந்துவிடும்.

மாடியிலிருந்து பார்த்தால் அரை நிமிடக் காட்சி, அவ்வளவுதான். நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒருமுறை பூம்புகார் அல்லது தரங்கம்பாடி கடற்கரைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா 300 கி.மீ.க்குள் வந்துவிடும். அந்தத் திசையில் கடல்தான், மரம் கட்டடம் எதுவும் குறுக்கே வராது. வானம் தெளிவாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ராக்கெட் கடலுக்கு மேலே எழுவதைப் பிடித்துவிடலாம்.

எந்த ஏவுதல் என்பதும் முக்கியம். பட்டப்பகலில் இத்தனை தூரத்திலிருந்து நம்பிப் பயனில்லை. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்குக் கிளம்பிய ஸ்பேடெக்ஸ் (இரண்டு செயற்கைக்கோள்களை விண்வெளியில் இணைத்துப் பார்த்த திட்டம்) மாதிரி இரவு ஏவுதல் நல்லது. அதைவிட நல்லது விடியலுக்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்தவுடனோ கிளம்புவது. நமக்கு இருட்டாக இருக்கும்போது, உயரத்தில் இருக்கும் ராக்கெட்டின் புகைமேல் சூரிய வெளிச்சம் விழும். 2025 ஜனவரி 29 காலை 6.23-க்குக் கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்15 ராக்கெட்டுக்குக் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட நேரம்தான். ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதல் வேறு. இன்னொன்று: யூடியூப் நேரலை சில விநாடிகள், சில சமயம் அதற்கும் மேல், பின்தங்கித்தான் வரும். கைபேசி கடிகாரத்தை நம்புங்கள், திரையை வேண்டாம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இஸ்ரோவின் குலசேகரப்பட்டினம் ஏவுதளம் வந்தால் இன்னும் பக்கமில்லையா என்று மகள் கேட்பாள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தளம் அது. தூரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் அங்கிருந்து ராக்கெட் நேரே தெற்கு நோக்கி நம்மைவிட்டு விலகிப் போகும். டெல்டாக்காரர்களுக்கு ஸ்ரீஹரிகோட்டாதான் வாகு.

சரி, டெலஸ்கோப். இப்போது வாங்காதீர்கள். முதலில் 10x50 பைனாகுலர் (10 மடங்கு, முன்லென்ஸ் 50 மி.மீ.) ஒன்றும், அதை மாட்ட உறுதியான முக்காலி ஒன்றும் வாங்குங்கள், மீதிப் பணம் இருக்கட்டும். முக்காலியில் வைத்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் அதில் தெரியும். உங்கள் ஊருக்கென்றே ஒரு சொத்தும் இருக்கிறது. மே மாத இரவு ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். தென்சிலுவை முழுதாக நிற்கும். டெல்லியில் அது முழுதாக எழுவதே இல்லை. அதற்கு இடப்பக்கம், இன்னும் மேலே, சுமார் 32 டிகிரி உயரத்தில் பைனாகுலரில் பஞ்சுப் பொதி மாதிரி தெரிவது ஒமேகா சென்டாரி. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தள்ளி, ஒரு கோடி விண்மீன்கள் சேர்ந்த கொத்து. இதற்கு மலை வேண்டாம், தெற்கே மறைப்பில்லாத வயல்வெளி போதும். அது உங்களிடம் நிறையவே இருக்கிறது.

அப்புறம் டெலஸ்கோப் வாங்கும்போது, அட்டைப்பெட்டியில் "525 மடங்கு" என்று போட்டிருந்தால் நம்பாதீர்கள். லென்ஸ் விட்டத்தின் மில்லிமீட்டர் கணக்கைப் போல இரண்டு மடங்குதான் உச்சம். 70 மி.மீ. என்றால் 140, அதுவும் காற்று ஒத்துழைத்தால். ஈக்குவடோரியல் தாங்கி (வானம் சுழல்வதற்கேற்ப டெலஸ்கோப்பைச் சாய்ந்த அச்சில் திருப்புவது) உள்ளது வேண்டாம். அதைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். மன்னார்குடியில் துருவம் 11 டிகிரி உயரத்தில், பெரும்பாலும் யாராவது வீட்டுத் தென்னைக்குப் பின்னால் இருக்கும். மலிவான பல தாங்கிகள் அத்தனை தாழ்வாகச் சாயவும் சாயாது. சமநிலைக்கான எடையைத் தாங்கும் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். மேசைமேல் வைக்கும் டாப்சோனியன் (மேலும் கீழும், பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கியில் உட்காரும் டெலஸ்கோப்), 114 மி.மீ. அல்லது அதற்கு மேல் கண்ணாடியுள்ளது, போதும். சனியின் வளையம் சுமார் 30 மடங்கிலேயே தெரிந்துவிடும். சின்ன டெலஸ்கோப்புகளோடு கண்வில்லையில் திருகும் சூரிய வடிகட்டி ஒன்று தருவார்கள். பெட்டியைப் பிரித்த அன்றே அதைக் குப்பையில் போடுங்கள். சூட்டில் வெடித்தால் கண் போய்விடும்.

வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது ஈரத்தைப் பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழி, தையில் பனி. பனியில் லென்ஸ் மூடிக்கொண்டால் துண்டால் துடைக்காதீர்கள். உள்ளே கொண்டுவந்து மூடி போடாமல் ஆறவிட்டு, உலர்ந்த பிறகு மூடுங்கள். கூடவே வரும் தோல் உறையில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும். மாசி தொடங்கி வைகாசி வரை நமக்கு நல்ல பருவம். ஆனால் கோடையில் பகல் சூட்டை வாங்கிய மாடித் தளம் இரவெல்லாம் அதைக் கக்கிக்கொண்டிருக்கும், டெலஸ்கோப்பில் படம் நடுங்கும். களத்துமேட்டுக்கு இறங்குங்கள். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாது, வயல் தத்துப்பூச்சிகளும் அவ்வளவாக மொய்க்காது. வரப்பில் நடக்கும்போது மட்டும் வெள்ளை டார்ச்சே அடியுங்கள், பாம்பு இருக்கும்.

மேகத்துக்கு மருந்தில்லை. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் புதுச்சேரிக்கே வந்து காத்திருந்தார். 1769 ஜூனில், சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது.

பைனாகுலர் வந்து சேரும்வரை சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பாருங்கள், அதற்கு ஒன்றும் வாங்க வேண்டாம். 2025-ல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா தங்கியிருந்தாரே, அதேதான். சுமார் 400 கி.மீ. உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன் அதே அளவு நேரத்தில், மினுக்காமல் நான்கைந்து நிமிடம் கடந்து போகும். ஹெவன்ஸ்-அபவ் (Heavens-Above) இணையதளத்தில் ஊர் பெயரைக் கொடுத்தால் தேதி, நேரம், திசை எல்லாம் வரும். அதில் 40 டிகிரிக்கு மேல் ஏறும் நாட்களை மட்டும் மகளைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போவதெல்லாம் உங்கள் தெருத் தென்னைகளுக்குள் போய்விடும்.