வாசகர் கேள்வி பதில்: உயிர்ப்புப் பாடல்கள் வேதத்தில் எங்கிருந்து எடுக்கின்றன?

உயிர்த்த ஞாயிற்றுப் பாடல்களைப் பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கே இம்முறை இப்பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். மெதடிஸ்த சபையாரும் கத்தோலிக்கரும் எழுதியிருப்பதால் ஒரே நூலைக் குறிக்கும் சங்கீதம், திருப்பாடல் என்னும் இரு வழக்குகளும் பதில்களில் கலந்து வரும். வேத வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பைத் தழுவியவை.

எங்கள் ஆலயத்தில் ஈஸ்டர் ஆராதனைக்குப் பாடல்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. எந்தப் பாடலை எடுத்தாலும் "ஜெயித்தார், வென்றார்" என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இத்தனை நிகழ்ச்சிகள் இருக்க, பாடல்கள் ஏன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கின்றன?
— பாடகர் குழுத் தலைவர், திருகோணமலை நகர்

இதற்கான காரணத்தின் பெரும்பகுதி வேதத்திலேயே இருக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்த அந்தக் கணத்தை நான்கு சுவிசேஷகரில் ஒருவரும் விவரிக்கவில்லை. பெண்கள் வந்து சேரும்போது கல்லறை ஏற்கெனவே வெறுமையாயிருக்கிறது. அதன் பின் அவர்கள் கேட்டதும், ஓடியதும், சந்தேகித்ததும், மெல்ல மெல்ல அறிந்துகொண்டதுமே எழுதப்பட்டுள்ளன. எனவே, எழுந்த கணத்தையே பாட விரும்பும் பாடலாசிரியர் சுவிசேஷங்களை விட்டுச் சங்கீதங்களிடமும் பவுலிடமும் போக வேண்டியவராகிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் கி.பி. 55ஆம் ஆண்டளவில் எழுந்தது; சுவிசேஷங்களுள் முந்தியதாகப் பெரும்பாலான அறிஞர் கருதும் மாற்கு எழுதப்பட்டது ஏறத்தாழ 70ஆம் ஆண்டில்தான். அந்நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் வரும் "மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்னும் முழக்கம் ஓசியா 13:14இலிருந்து எடுத்தாளப்பட்டது. ஓசியாவில் அது தண்டனைத் தீர்ப்பின் நடுவே வருகிறது. பவுல் அதைத் தோற்றுப்போன மரணத்தை நோக்கிய எள்ளலாக மாற்றிவிடுகிறார். பாடல்களில் நாம் கேட்கும் வெற்றிக் குரல் பெரும்பாலும் இந்த எள்ளலிலிருந்து வந்ததே.

ஆயினும் நல்ல பாடலாசிரியர்கள் முழக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. தங்கள் மெதடிஸ்த சபையினருக்கு நெருக்கமான சார்ள்ஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்ட ஈஸ்டர் பாடலில் கல்லும் காவலும் முத்திரையும் வீணாய்ப்போனதாக ஓர் அடி வருகிறது. காவலரும் முத்திரையும் மத்தேயுவில் மட்டுமே உள்ள செய்திகள். பூமி அதிர, தேவதூதன் இறங்கிவந்து கல்லைப் புரட்டி அதன்மேல் உட்கார்ந்தான் என்று சொல்பவரும் மத்தேயு ஒருவரே. அதே பாடலில் பவுலின் கேள்வியும் இடம்பெறுகிறது. ஒரு சுவிசேஷகரின் காட்சியையும் ஒரு நிருபத்தின் முழக்கத்தையும் ஒன்றாக முடைந்ததால்தான் அப்பாடல் இவ்வளவு காலம் நிலைத்தது என்பது என் எண்ணம். (இன்று ஒவ்வோர் அடியின் இறுதியிலும் பாடும் "அல்லேலூயா" வெஸ்லி எழுதியதன்று, பின்வந்தோர் சேர்த்தது.)

தமிழ்க் கீர்த்தனை வடிவம் இதற்கு மிகவும் ஏற்றது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த அம்மரபில் பல்லவி செய்தியை அறிவிக்க, சரணங்கள் ஒவ்வொன்றாகக் காட்சிகளைச் சொல்லிச் செல்லலாம். இரண்டு மூன்று வரிகளையே சுழற்றிப் பாடும் இக்காலக் கோரஸ்களில் சரணத்துக்கு இடமில்லை; ஆகவே கதைக்கும் இடமில்லை. கோரஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆராதனையில் பாடும் எல்லாப் பாடல்களும் கோரஸ்களாக இருந்தால், அன்றைய சுவிசேஷ வாசிப்பில் கேட்ட எதுவும் சபையாரின் வாயில் வராமலே போய்விடும். அடுத்த முறை தெரிவு செய்யும்போது ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே அது எந்த வசனத்தில் நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். எல்லாம் 1 கொரிந்தியர் 15இலேயே போய் நின்றால், லூக்காவிலும் யோவானிலும் நிற்கும் ஒன்றிரண்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவின் பாஸ்கா திருவிழிப்பில் செங்கடலைக் கடந்த பாடலையும், உயிர்த்த ஞாயிறன்று 118ஆம் திருப்பாடலையும் பாடுகிறோம். இரண்டும் பழைய ஏற்பாடு. இவற்றை உயிர்ப்புப் பாடல்கள் என்று எவ்வாறு கொள்வது?
— வாசகர், பாலையூற்று

திருச்சபையின் முதல் உயிர்ப்புப் பாடல்கள் இவையே என்று சொல்வதில் தவறில்லை. யூதர் பாஸ்கா இரவில் பாடும் 113 முதல் 118 வரையான திருப்பாடல் தொகுதியின் கடைசிப் பாடல் 118. இராவுணவின் முடிவில் இயேசுவும் சீடரும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடி ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுவது இத்தொகுதியையே குறிப்பதாகப் பல உரையாசிரியர்கள் கருதுகின்றனர். அவ்வாறாயின் "வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்" என்னும் வரியை இயேசு தம் மரணத்துக்கு முந்திய இரவில் தம் வாயாலேயே பாடியிருக்கிறார். சில நாட்களுக்கு முன் அதே வரியைத் திராட்சத்தோட்டக்காரர் உவமையின் முடிவில் எடுத்துச் சொன்னவரும் அவரே. பின்னர் பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, தள்ளப்பட்ட அந்தக் கல் இயேசுவே என்று அறிவிக்கிறார் (அப்போஸ்தலர் 4:11). "இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்" என்று அத்திருப்பாடலில் சற்றுப் பின் வரும் வரி உயிர்த்த ஞாயிற்றுக்குரிய வரியானது இவ்வழியாகத்தான்.

செங்கடல் பாடலின் இடம் இன்னும் உறுதியானது. திருவிழிப்புக்குரிய பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவைக்கேற்ப அவற்றைக் குறைக்கலாம், ஆனால் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகார வாசகத்தையும் அதைத் தொடரும் பாடலையும் எக்காரணத்துக்காகவும் விடக்கூடாது என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. அதற்கு முன் பாஸ்கா திரி ஒளியில் பாடப்படும் பாஸ்கா புகழுரையும் "இந்த இரவிலே" என்று மீண்டும் மீண்டும் சொல்லி, இஸ்ரவேலர் கடலைக் கடந்த இரவையும் கிறிஸ்து கல்லறையை விட்டெழுந்த இரவையும் ஒரே இரவாக்கிவிடுகிறது. தவக்காலம் முழுவதும் ஒலிக்காதிருந்த அல்லேலூயா இவையெல்லாம் முடிந்த பின்னரே, நற்செய்திக்குச் சற்று முன், திரும்பி வருகிறது.

கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். நாம் பாடும் பாடல்களில் அவர்களைக் காணவே முடிவதில்லையே, ஏன்?
— வாசகி, மூதூர்

முதற் பதிலில் சொன்ன காரணமே இங்கும் பொருந்துகிறது. உயிர்த்த கிறிஸ்துவைக் கண்டவர்களைப் பவுல் 1 கொரிந்தியர் 15இல் வரிசைப்படுத்தும்போது கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு என்று சொல்லிச் செல்கிறாரே தவிர, ஒரு பெண்ணின் பெயரையும் சொல்வதில்லை. அந்த அதிகாரத்தையே தளமாகக் கொண்ட பாடல்களில் பெண்கள் காணாமற்போவதில் வியப்பில்லை. சுவிசேஷகரோ நால்வரும் மகதலேனா மரியாளைப் பெயர் சொல்லிக் கல்லறையண்டையில் நிறுத்துகின்றனர். பெண்கள் கொண்டுவந்த செய்தி சீடருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்பதையும் லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இதற்கு ஓர் அருமையான விதிவிலக்கு உண்டு. உயிர்த்த ஞாயிற்றுத் திருப்பலியில் நற்செய்திக்கு முன் வரும், தொடர்பாடல் எனப்படும் சிறப்புப் பாடல் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் நடுவில் பாடுவோர் திடீரென்று மரியாளை நோக்கி, வழியில் என்ன கண்டாய், சொல் என்று கேட்க, அவள் தான் கண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். சபை முழுவதும் ஒரு பெண்ணின் சாட்சியைக் கேட்டு, அதை நம்பி, "அறிவோம்" என்று முடிக்கும் பாடல் அது. லத்தீன் வழிபாட்டில் பெருகியிருந்த தொடர்பாடல்களை 16ஆம் நூற்றாண்டில் குறைத்தபோது நான்கே எஞ்சின. அவற்றுள் இதுவும் ஒன்று. பல ஆலயங்களில் இதை வாசித்து முடித்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு: கேட்பவர் குரலும் மரியாளின் குரலும் தனித்தனியே ஒலித்தால்தான் அது உரையாடலாகக் காதில் விழும்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு வழியும் இருக்கிறது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) இயேசுவின் பாடுகளைப் பற்றித் தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இராகத்தோடு படிப்பதும், மாதாவின் புலம்பலை ஒப்பாரியாகப் பாடுவதும் நம் கத்தோலிக்க ஊர்களில் வழிவழி வந்தவை. அந்த அழுகை பெரிய வெள்ளியோடு நின்றுவிடுகிறது. ஆனால் யோவான் 20ஆம் அதிகாரத்தில் மகதலேனா மரியாள் ஞாயிறு காலையிலும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள். தோட்டக்காரர் என்று எண்ணிய ஒருவரிடம், "ஐயா, அவரை வைத்த இடத்தை எனக்குச் சொல்லும்" என்று கெஞ்சுகிறாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும்வரை அவளுக்கு உண்மை புலப்படவில்லை. ஒப்பாரி மெட்டிலேயே தொடங்கி, அந்த அழைப்பில் மெட்டு மாறும் ஒரு பாடலை நம்மவர் யாராவது எழுத வேண்டும். அதற்குத் தேவையான இசையும் மொழியும் மூதூரிலும் பாலையூற்றிலும் முதிய பெண்களிடம் இன்னும் இருக்கின்றன.

இயேசு பாதாளத்தின் கதவுகளை உடைத்தார் என்று பாடுகிறோம். அது சுவிசேஷத்தில் எங்கே உள்ளது?
— வாசகர், சீனக்குடா

சுவிசேஷங்களில் இல்லை. காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார் என்னும் 1 பேதுரு 3:19, வெண்கலக் கதவுகளை உடைத்து இருப்புத் தாழ்ப்பாள்களை முறித்தார் என்னும் சங்கீதம் 107:16, விசுவாசப் பிரமாணத்தில் பாதாளத்தில் இறங்கினதைச் சொல்லும் வரி ஆகிய மூன்றும் சேர்ந்து உருவான படிமம் இது. மரணத்தாலேயே மரணத்தை மிதித்தார் என்று பாடும் கீழைத் திருச்சபைகளுக்கு இதுவே உயிர்ப்பின் முதன்மைக் காட்சி. அவர்களின் திருவோவியங்களில் கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கையைப் பிடித்துத் தூக்குகிறார்.

2019 ஏப்ரல் 21க்குப் பின் உயிர்த்த ஞாயிறன்று வெற்றிப் பாடல் பாட வாய் எழுவதில்லை. இது விசுவாசக் குறைவா?
— வாசகி, திருகோணமலை நகர்

இல்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்களே அன்று குண்டுத் தாக்குதல்களில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அச்சத்துக்கு இடமே தராத பாடல்களை மட்டும் பாடச் சொல்வது வேதம் கேட்பதைவிட அதிகமாகக் கேட்பதாகும். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகள், பெண்கள் "பயந்திருந்தபடியினால்" ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற் போனார்கள் என்னும் 16:8ஆம் வசனத்தோடு முடிகின்றன. யோவானில், சீடர்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டு பயந்திருந்த இடத்திற்கே உயிர்த்தவர் வருகிறார். தோமாவுக்கு அவர் காட்டிய உடலில் ஆணிகளின் காயமும் விலாவின் காயமும் ஆறி மறைந்துவிடவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் பரலோகமே பாடும் புதுப் பாட்டும் "அடிக்கப்பட்ட" ஆட்டுக்குட்டியானவரைப் பார்த்துத்தான் பாடப்படுகிறது. காயத்தைப் பாடும் சரணத்தைக் குறைத்துவிடாமல் பாடச் சொல்லி உங்கள் பாடகர் குழுவிடம் கேளுங்கள். அதுவரை, மற்றவர்கள் பாடும்போது மௌனமாய் நின்றாலும் போதும்.

உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் கடற்கரையில் நடக்கும் ஆராதனைக்காக ஒரு பாடல் எழுத விரும்புகிறேன். மீன்பிடிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எந்தப் பகுதியை எடுக்கலாம்?
— இளம் வாசகர், நிலாவெளி

யோவான் 21ஆம் அதிகாரம் தங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. இரவு முழுவதும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும் நேரம் கரையில் ஒருவர் நிற்கிறார். வலது புறத்தில் வலையைப் போடச் சொல்கிறார். ஏறக்குறைய இருநூறு முழத் தூரத்திலிருந்து வலையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருக்கின்றன. கரைவலை இழுத்துப் பழகிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காட்சி நடப்பது கலிலேயாவின் நன்னீர் ஏரியில். ஆகவே பேரலைகளையும் நம் துறைமுகத்தையும் அதற்குள் கொண்டுபோக வேண்டாம். வெறும் வலையோடு திரும்பும் விடியலைத் தாங்கள் அறிந்தபடி எழுதினாலே ஊர் தானாக அதில் வந்துவிடும்.

153 மீன்களுக்கு உட்பொருள் தேடிப் பாடலைச் சுமையாக்க வேண்டாம். 1 முதல் 17 வரை கூட்டினால் 153 வரும் என்று அகுஸ்தீனார் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். அது பிரசங்கத்துக்கு உதவும், மெட்டுக்கு உதவாது. ஆனால் கரிநெருப்பை விட்டுவிடாதீர்கள். பேதுரு பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவை மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான் (யோவான் 18:18). அதை விளக்கிச் சொல்லாமல், நெருப்பைக் கண்ட பேதுருவின் முகத்தை மட்டும் ஒரு வரியில் காட்டினால், வேதம் அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வலை நிறைந்ததும் அன்பான சீடன் பேதுருவிடம் சொல்லும் "அவர் கர்த்தர்" என்பதைப் பல்லவியாக வையுங்கள். வெறுமையான இரவு, வலை, கரிநெருப்பு என்று மூன்று சரணங்கள் போதும். "என்னை நேசிக்கிறாயா" என்று மும்முறை கேட்கும் உரையாடலை இதற்குள் அடக்க முயன்றால் இரண்டும் கெட்டுவிடும்; அதை வேறொரு பாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.