பரீட்சைப் புள்ளிக்கு ஊக்குவிப்புப் பணம்: ஆசிரியர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

மாணவரின் பொதுப் பரீட்சைப் புள்ளியைப் பார்த்து ஆசிரியருக்கு மேலதிகப் பணம் கொடுக்கும் திட்டங்களை அமெரிக்க ஆசிரியர் சங்கங்கள் நீண்ட காலமாக எதிர்த்து வருகின்றன. "இங்கேயும் அப்படிக் கொடுத்தால் என்ன?" என்ற பேச்சு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நம் ஆசிரியர்களிடையே எழுந்ததால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். நான் ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன்.

களுவாஞ்சிகுடி, ஆசிரியை: சேர், நல்லாப் படிப்பிக்கிறவங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன பிழை?

அதில் பிழையே இல்லை, மகள். நல்லாப் படிப்பிக்கிறவர் யார் என்பதைப் பிள்ளையின் புள்ளியை வைத்துத் தீர்மானிப்பதுதான் சிக்கல். அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2014இல் ஓர் அறிக்கை விட்டது. மாணவர்களுக்கிடையிலான புள்ளி வித்தியாசத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அதில் சொன்னார்கள். முந்திய நான்கு வகுப்புகளில் யார் படிப்பித்தார், வீட்டில் சாப்பாடு இருந்ததா, ரியூசனுக்குக் காசு இருந்ததா எல்லாம் சேர்ந்துதான் தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியாக வருகிறது. அந்த வருடம் வகுப்பில் நின்ற ஒருவருக்கு மட்டும் காசோலை கொடுப்பது நியாயமா?

காத்தான்குடி, பெற்றோர்: எங்கேயாவது செய்து பார்த்திருக்கிறார்களா?

நிறைய இடங்களில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 தொடக்கம் மூன்று கல்வியாண்டுகள் ஒரு பரிசோதனை நடந்தது. தாங்களாகவே முன்வந்த ஏறத்தாழ 300 கணித ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வருடத்துக்கு 15,000 டொலர் வரை கிடைக்கும் என்றார்கள். மொத்தத்தில் இரண்டு பகுதியினரின் மாணவர்களுக்கும் இடையே வித்தியாசம் வரவில்லை. தரம் 5இல் மட்டும் கொஞ்சம் கூடியது, அதுவும் அடுத்த வருடம் நிலைக்கவில்லை. நியூயோர்க்கில் 2007இல் பாடசாலை முழுவதற்கும் பணம் கொடுக்கும் திட்டம் தொடங்கி, பலன் தெரியாததால் 2011இல் கைவிட்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆந்திராவின் கிராமத்துப் பாடசாலைகளில் இதே மாதிரியான திட்டத்தால் கணிதத்திலும் மொழியிலும் புள்ளி உண்மையாகவே கூடியது. ஆனால் கென்யாவில் கூடிய புள்ளி, திட்டம் முடிந்தபின் நிலைக்கவில்லை. ஆசிரியர் வரவு கூடவில்லை, வீட்டுவேலை கொடுப்பதும் கூடவில்லை. பரீட்சைக்குத் தயார்படுத்தும் மேலதிக வகுப்புகள்தான் கூடின. எனக்கு இந்தக் கென்யக் கதைதான் நம் பக்கத்துக்குக் கிட்டவாகப் படுகிறது. வருடம் பிறந்தவுடன் கடந்தகால வினாத்தாள் கட்டோடு வகுப்புக்குப் போகிற பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

கொக்கட்டிச்சோலை, ஆசிரியர்: சேர், இது வந்தால் எங்கட படுவான்கரைப் பாடசாலைகளுக்கு என்ன நடக்கும்?

தம்பி, எனக்குப் பெரிய பயமே இதுதான். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போவது லேசாகிவிட்டது. ஆனாலும் உள்ளே தங்கி நின்று படிப்பிக்க ஆள் பிடிப்பது இன்றும் பெரும்பாடு. வயல்வெட்டுக் காலத்தில் வரவு விழும், யானைப் பயத்தில் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு நிற்கமாட்டார்கள். அப்படியான இடத்தில் ஒரு பிள்ளையை எழுத்துக்கூட்டி வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவருவது பெரிய சாதனை. ஆனால் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை மட்டும் பார்க்கிற திட்டத்தில் அதற்கு ஒரு சதமும் கிடைக்காது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், ஏற்கெனவே பெறுபேறு வருகிற பாடசாலைக்குத்தான் பணம் போகும். அப்புறம் இடமாற்ற விண்ணப்பமும் அங்கேதான் போகும். இன்று நிற்கிற ஒரு சிலரையும் இழந்துவிடுவோம்.

வகுப்புக்குள்ளேயும் அப்படித்தான். வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட நிற்கிற ஐந்தாறு பிள்ளைகளை முன்வாங்கில் வைத்துப் பிழிவார்கள். 200க்கு 70 புள்ளியும் எட்டாத பிள்ளையை யார் கவனிப்பார்?

அக்கரைப்பற்று, அதிபர்: மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு, பிள்ளையின் முன்னேற்றத்தை அளக்கலாமே?

அது கொஞ்சம் மேல்தான். ஆனால் ஹூஸ்டனில் அப்படி அளந்த கணக்குமுறை ஒரு தனியார் கம்பனியின் இரகசியமாக இருந்தது. தன் கணக்குச் சரியா என்று ஆசிரியரால் பார்க்க முடியவில்லை. வழக்குப் போட்டார்கள். வழக்கைத் தொடர இடமிருக்கிறது என்று நீதிபதி 2017இல் சொன்னார்.

சம்மாந்துறை, ஆசிரியை: பணம் வந்தால் களவும் வருமா சேர்?

அட்லாண்டாவில் வந்தது. 2009 பரீட்சையில் பிள்ளைகளின் பிழையான விடைகளை அழித்துச் சரியாக்கியிருந்தார்கள். 2011 விசாரணையில் 44 பாடசாலைகளும் 178 கல்வியாளர்களும் அகப்பட்டார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அங்கே பணம் மட்டும் காரணம் இல்லை, புள்ளி இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற பயமும் இருந்தது. அவர்களும் நம்மைப் போல ஆசிரியர்கள்தான். மனிதரை அந்த இடத்துக்குத் தள்ளுகிற திட்டத்தைத்தான் நான் குற்றம் சொல்வேன்.

கல்முனை, புதிதாக நியமனம் பெற்றவர்: உண்மையைச் சொன்னால் சம்பளம் போதாது. எந்தப் பேரில வந்தாலும் காசு வந்தால் சரி என்றுதான் நினைக்கிறேன்.

நீங்கள் நினைப்பது நியாயம், தம்பி. வாடகையும் பஸ் காசும் போக என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கணக்குப்போட்டு வீட்டுச் செலவை நடத்தக்கூடிய காசு இது இல்லை. இந்த வருடம் வரும், அடுத்த வருடம் பலவீனமான வகுப்பு கிடைத்தால் வராது. 1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 யூலையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். அன்று கேட்டது எல்லோருக்குமான அடிப்படைச் சம்பளத்தை.

வெல்லாவெளி, ஆசிரியை: அப்போ நாங்கள் என்ன கேட்கவேண்டும்?

கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு ஆசிரியரை அங்கே நிற்கவைக்கும் அளவுக்கு இருக்கவேண்டும். ஆசிரியர் விடுதி வேண்டும். ஆரம்பப் பிரிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று மேலதிகமாக ஓர் ஆசிரியர் வேண்டும். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும்போது விடுதியை முதலாவதாகப் போடுங்கள். பாடசாலைக்குக் கிட்ட எந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் அதிபரிடம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள்.