கால்பந்து டிஃபெண்டருக்கு 5 வருட ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

23 வயது தம்பி சென்டர் பேக் (நடுவில் நின்று கோலைத் தடுக்கும் டிஃபெண்டர்), ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது, கிளப் 5 வருடம் நீட்டிக்கச் சொல்கிறது என்று கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, கடைசி 6 மாதத்தில் அவர் வேறு கிளப்போடு பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பேரத்தில் அதுதான் உங்கள் பலம்.

5 வருடம்தான் உச்சவரம்பு. 18 நிரம்பாதவருக்கு 3. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: 28-வது பிறந்தநாளுக்கு முன் கையெழுத்திட்டால் 3 சீசன் அல்லது 3 வருடம், எது முந்தியோ அதுவரை 'பாதுகாக்கப்பட்ட காலம்'. ஒப்பந்தத்தை நீட்டித்தால் அது மறுபடி முதலிலிருந்து ஓடும். அதற்குள் நியாயமான காரணமின்றி விலகினால் இழப்பீட்டோடு 4 மாதம் ஆடத் தடையும் வரும். அதனால் ரிலீஸ் தொகையை (இதைக் கட்டினால் ஒப்பந்தம் முடியும் முன்பே அவர் விலகலாம்) இப்போதே எண்ணிலும் எழுத்திலும் எழுத வையுங்கள்.

டிஃபெண்டர்களுக்குத் தகராறு வருவது கிளீன் ஷீட் போனஸில்தான், அதாவது அணி கோல் வாங்காத ஆட்டத்துக்குத் தரும் கூடுதல் பணத்தில். 70-வது நிமிடத்தில் அவரை மாற்றி, 85-ல் அணி கோல் வாங்கினால் பணம் உண்டா இல்லையா? குறைந்தது எத்தனை நிமிடம் ஆட வேண்டும், அவர் வெளியேறிய பிறகு விழும் கோல் கணக்கில் சேருமா என்பது வாசகத்திலேயே இருக்க வேண்டும். காயத்தில் உட்கார்ந்தாலும் முழுச் சம்பளம் என்பதும் அப்படியே. 2 மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் 15 நாள் கெடு கொடுத்து, அதற்குள் வராவிட்டால் விலகலாம்.